அஞ்சல்வழி இறையியல் பட்டம்: அங்கீகாரத்தை அளப்பது எப்படி?

கல்லூரி வாயிலை மிதிக்க வாய்ப்பில்லாதவர்க்கும் கல்வி எட்ட வேண்டும் என்னும் உயரிய நோக்கில் பிறந்ததே அஞ்சல்வழிக் கல்வி. நம் நாட்டில் 1962-இல் தில்லிப் பல்கலைக்கழகம் இதனைத் தொடங்கி வைத்தது. மறு ஆண்டிலேயே, மத்திய அமெரிக்க நாடான குவாத்தமாலாவில், பிரெஸ்பிட்டேரியன் திருச்சபையின் இறையியல் பள்ளி ஒரு புதுமை செய்தது. குடும்பத்தையும் தொழிலையும் விட்டு வர இயலாத ஊர்ப்புற ஊழியர்களுக்குப் பாடங்களை அவர்கள் இருப்பிடத்திற்கே அனுப்பியது. ஆசிரியர்களும் நேரில் சென்று ஐயம் தீர்த்தனர். நாளடைவில் இம்முறை இந்தியா உள்ளிட்ட பல நாடுகளிலும் பரவிற்று.

இன்று இறையியல் பட்டம் தருவதாகக் கூறும் நிறுவனங்கள் பல. அவற்றுள் நல்லனவும் உண்டு. பெயருக்கு மட்டும் பட்டம் விற்பனவும் உண்டு. ‘அங்கீகாரம் பெற்றது’ என்னும் சொல் இருவகை விளம்பரங்களிலும் காணப்படுகிறது. பகலில் உழைத்து இரவில் படித்த ஓர் எளிய மாணவர், இறுதியில் தம் சான்றிதழ் செல்லாது என்று அறிந்தால், இழந்த பணத்தை ஒருவேளை மீட்கலாம். இழந்த ஆண்டுகளை மீட்க முடியுமா? ஆகவே சேருமுன் மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும்.

பட்டம் வழங்கும் உரிமை யாது?

1956-ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு இதனைத் தெளிவாக்குகிறது. மத்திய அல்லது மாநிலச் சட்டத்தால் நிறுவப்பட்ட பல்கலைக்கழகம், நிகர்நிலைப் பல்கலைக்கழகம், நாடாளுமன்றச் சட்டத்தால் தனியுரிமை பெற்ற நிறுவனம் ஆகியவையே பட்டம் வழங்கலாம். சங்கமாகவோ அறக்கட்டளையாகவோ பதிவு செய்து கொள்வதால் மட்டும் இவ்வுரிமை வந்துவிடாது.

இறையியலில் இதற்குச் சிறந்த சான்று வங்காளத்துச் செராம்பூர் கல்லூரி. கேரி, மார்ஷ்மன், வார்டு ஆகியோர் 1818-இல் இதனை நிறுவினர். அப்போது செராம்பூர் டென்மார்க்கின் ஆட்சியில் இருந்தது. 1827-இல் டென்மார்க் மன்னர் ஆறாம் பிரெடரிக் பட்டம் வழங்கும் உரிமையைப் பட்டயமாக அளித்தார். 1845-இல் ஊர் ஆங்கிலேயர் கைக்கு மாறியபோதும் அவ்வுரிமை காக்கப்பட்டது. 1918-இல் வங்காளச் சட்டமன்றம் இயற்றிய செராம்பூர் கல்லூரிச் சட்டம் அதனை உறுதி செய்தது. அதே கல்லூரியில் கலை, அறிவியல் பயில்வோர்க்குப் பட்டம் வழங்குவது கல்கத்தாப் பல்கலைக்கழகம். இறையியல் பட்டம் வழங்குவதோ செராம்பூர் செனட். ஒரே வளாகத்தில் இரண்டு அதிகாரங்கள்! கட்டடத்தைக் கண்டு அங்கீகாரத்தை முடிவு செய்யலாகாது என்பதற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு வேண்டுமோ?

தரத்தைச் சோதிப்பவர் யார்?

உரிமை வேறு, தரச்சான்று வேறு. 1970-இல் தோன்றிய ஆசிய இறையியல் கழகம், பாடத்திட்டம், ஆசிரியர் தகுதி, நூலகம் முதலியவற்றை ஆராய்ந்து தரச்சான்று அளிக்கிறது. இது மதிக்கத்தக்கது, ஆயினும் சட்டம் கூறும் பட்டமளிப்பு உரிமைக்கு இது ஈடாகாது. அமெரிக்காவில் தரச்சான்று அளிப்பவை தனியார் அமைப்புகளே. ஆகவே அங்கு, சான்றளிக்கும் அமைப்பையே அந்நாட்டுக் கல்வித் துறையோ உயர்கல்வித் தரச்சான்றுக் குழுமமோ ஏற்றுள்ளதா என்று பார்க்க வேண்டும். பள்ளியை நடத்துபவரே சான்றளிக்கும் சங்கத்தையும் நடத்தினால், அச்சான்றின் மதிப்பு சுழி. தேர்வின்றி, ‘ஊழிய அனுபவத்திற்காக’ முனைவர் பட்டம் தருவோம் என்பாரைக் கண்டால் ஒதுங்கிச் செல்வதே நன்று.

ஏற்றுக்கொள்பவர் யார்?

இதுவே முதன்மையான வினா. ஏனெனில், விடை படிப்பவரின் நோக்கத்தைப் பொறுத்து மாறும். ஆயராக விரும்புவோர்க்குத் தம் திருச்சபையின் விதியே அளவுகோல். மதுரை அரசரடியிலுள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியும், சென்னைக் குருகுல் கல்லூரியும் செராம்பூர் செனட்டோடு இணைந்தவை. ஆனால் தங்கிப் பயின்ற பட்டத்தை ஏற்கும் திருச்சபை, அஞ்சல்வழிப் பட்டத்தையும் அவ்வாறே ஏற்கும் எனக் கொள்ளலாகாது. திருமண்டல அலுவலகத்தில் கேட்டு, விடையை எழுத்தில் பெறுக.

அரசுப் பணியோ பல்கலைக்கழக மேற்படிப்போ நோக்கமாயின், அவ்வப் பணித் தேர்வாணையத்தையும் பல்கலைக்கழகத்தையுமே வினவ வேண்டும். பல்கலைக்கழகங்களின் தொலைநிலைப் படிப்புகளுக்கு, 2020-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி மானியக் குழுவின் அனுமதி தேவை. அனுமதி பெற்றவற்றின் பட்டியலையும், போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலையும் அக்குழுவே வெளியிடுகிறது. அறிவு வளர்ச்சியும் ஆன்மிகத் தெளிவும் மட்டுமே நோக்கமாயின், பட்ட உரிமை இல்லாத நல்ல நிறுவனத்தில் பயில்வதிலும் குற்றமில்லை. அதனை அறிந்தே சேர வேண்டும், அவ்வளவே.

மாணவ நண்பர்களே! இறையியலுக்கு மட்டுமன்று, எந்த அஞ்சல்வழிப் படிப்புக்கும் இம்மூன்று வினாக்களும் பொருந்தும். கல்வியில் நம்பிக்கை வேண்டும். விளம்பரத்தில் ஐயம் வேண்டும். ஆழம் அறியாமல் காலை விடாதே என்றனர் நம் முன்னோர். விண்ணப்பத்தில் கையொப்பமிடுமுன், கேட்க வேண்டியதைக் கேட்டுத் தெளிவோமாக!