வியர்வை என்னும் விசிறி

கோடை வெயிலில் நடந்து வந்து திண்ணையில் அமர்ந்ததும் நாம் முதலிற் செய்யும் காரியம் யாது? சால்வைத் தலைப்பால் நெற்றியைத் துடைத்துவிட்டு, "அப்பப்பா, என்ன புழுக்கம்!" என்று அலுத்துக்கொள்வதே. வியர்வையை அழுக்கென்றும் தொல்லையென்றும் எண்ணிப் பழகிவிட்டோம். ஆயினும், அவ்வியர்வை வெயில் வேளையில் நின்றுவிடின் நமது கதி யாதாகும் என்பதை நம்மிற் பலர் சிந்தித்ததில்லை. வீட்டு மூலையில் இருக்கும் மண்பானையும் நமது உடலும் ஒரே இயற்கை நியதிக்கு அமைந்தே குளிர்ச்சி பெறுகின்றன. அந்நியதி யாது, அதன் எல்லை யாது, அவ்வெல்லையை அறியாமையால் விளையும் தீங்கு யாது என்பவற்றை ஈண்டு நோக்குவோம்.

பானை கற்பிக்கும் பாடம்

மண்பானையின் சுவரிற் கண்ணுக்குப் புலனாகாத நுண்துளைகள் எண்ணிறந்தன உள. அவற்றின் வழியே கசியும் நீர் வெளிப்புறத்தில் ஈரமாய்ப் படர்ந்து ஆவியாகிறது. நீர் ஆவியாவதற்கு வெப்பம் வேண்டும். அடுப்பில் ஏற்றினால் நெருப்பு அதனைக் கொடுக்கும். நெருப்பில்லாதவிடத்துப் பானையும் அதனுள்ளிருக்கும் நீருமே கொடுத்தாக வேண்டும். அவ்வாறு கொடுத்துக் கொடுத்தே பானை நீர் குளிர்கிறது. பித்தளைக் குடத்திலும் பீங்கான் சாடியிலும் இக்குளிர்ச்சி வாய்ப்பதில்லை. அவற்றிற்குத் துளைகள் இல்லாமையே காரணம்.

பனிக்கட்டி இட்ட கண்ணாடிக் குவளையின் புறத்தே அரும்பும் துளிகளையும் 'வியர்வை' என்றே மாணவர் சிலர் கூறுவர். இஃது அதற்கு நேர்மாறான செயல். அத்துளிகள் குவளையின் உள்ளிருந்து வந்தவையல்ல. காற்றிலுள்ள நீராவி குளிர்ந்து ஒடுங்கியமையால் உண்டானவை. ஆவியாகும்போது நீர் வெப்பத்தைக் கவர்ந்து செல்வது போலவே, ஆவி நீராக ஒடுங்கும்போது அவ்வெப்பத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. பானையின் 'வியர்வை' நீரைக் குளிர்விக்கிறது. குவளையின் 'வியர்வை'யோ பானத்தைச் சூடாக்குகிறது. புழுக்கமான நாளிற் குளிர்பானம் விரைந்து வெம்மையடைவதன் இரகசியங்களுள் இதுவும் ஒன்று.

தராசில் அமர்ந்த வைத்தியர்

இத்தாலியின் பதுவா நகர்ச் சர்வகலாசாலையில் ஆசிரியராயிருந்த சந்தோரியோ என்னும் வைத்தியர், பெரிய தராசொன்றில் நாற்காலியைத் தொங்கவிட்டு, அதில் அமர்ந்து பல ஆண்டுகள் தம்மைத் தாமே நிறுத்துப் பார்த்தார். உண்டதன் நிறையையும் உடலினின்று கழிந்ததன் நிறையையும் ஒப்பிட்டபோது கணக்கு ஒவ்வவில்லை. எட்டு இறாத்தல் உணவும் பானமும் உட்கொண்டால், ஐந்து இறாத்தல் கண்ணுக்குத் தெரியாமலே மறைவதை அவர் கண்டார். 1614ஆம் ஆண்டில் வெளிவந்த அவரது நூல் இதனை 'புலனாகா வியர்வை' என விளக்கியது. மூச்சின் வழியேயும் தோலின் வழியேயும் நாம் ஓயாது நீரை இழக்கின்றோம் என்பது இன்று ஐயமின்றித் தெளிந்த உண்மை.

அவிந்த முட்டையும் அவியாத மனிதரும்

வியர்வையின் வல்லமையை உலகுக்குக் காட்டிய வேடிக்கையான பரிசோதனை இலண்டனில் நிகழ்ந்தது. சார்ள்சு பிளாக்டன் என்னும் வைத்தியர், தம் நண்பர் சிலருடன் கடுமையாகச் சூடேற்றப்பட்ட அறையொன்றினுட் புகுந்தார். அவர் தாங்கி நின்ற வெப்பம் 127 பாகை செல்சியசு வரை ஏறியது. நீர் கொதிக்கும் வெப்பநிலையிலும் மிகுதி! இந்த அறையில் வைத்த முட்டை இருபது நிமிட அளவில் அவிந்து இறுகியது. இறைச்சித் துண்டும் வெந்தது. பிளாக்டனோ சில நிமிடங்கள் நின்று சுகமே வெளிவந்தார். இச்செய்தி 1775ஆம் ஆண்டில் இலண்டன் இராச சங்கத்தின் ஏட்டில் வெளியாயிற்று.

அவர் செய்த மற்றொரு சோதனை இன்னும் நயமானது. இரு பாத்திரங்களில் நீரை அதே அறையில் வைத்து, ஒன்றின் மேல் எண்ணெயை மிதக்கவிட்டார். எண்ணெய் மூடிய நீர் கொதித்தது. திறந்திருந்த நீர் கொதிக்கவில்லை. எண்ணெய் ஆவியாதலைத் தடுத்தது. திறந்த நீரோ ஆவியாகித் தன்னைத் தானே குளிர்வித்துக்கொண்டது. மனிதர் பிழைத்ததும் முட்டை அவிந்ததும் ஏன் என்பதற்கு இதனினும் தெளிந்த விடை வேறு வேண்டுமோ?

உடலின் வரவு செலவு

வாளாவிருக்கும் மனிதனின் உடல் ஏறக்குறைய 100 உவாற்று மின்குமிழ் அளவுக்கு வெப்பத்தை வெளியிடுகிறது. நாற்பது மாணவர் நெருங்கியிருக்கும் வகுப்பறையில் நாற்பது குமிழ்கள் எரிகின்றன எனக் கொள்ளலாம். சாளரத்தை அடைத்தால் புழுக்கம் வாராது என் செய்யும்? ஓடும்போது இவ்வெப்பம் பத்து மடங்கும் ஆகலாம். இதனை வெளியேற்றவே நமது தோலில் 20 முதல் 40 இலட்சம் வரையிலான வியர்வைச் சுரப்பிகள் அமைந்துள்ளன.

ஒரு லீற்றர் வியர்வை முற்றாக ஆவியானால் ஏறக்குறைய 580 கிலோகலோரி வெப்பத்தை உடலினின்று கொண்டுசெல்லும். எட்டு லீற்றர் கிணற்று நீரைக் கொதிக்க வைக்க இவ்வளவு வெப்பம் வேண்டும். கடும் வெயிலில் உழைப்பவர் மணித்தியாலத்திற்கு ஒரு லீற்றருக்கு மேலும் வியர்ப்பதுண்டு.

வெப்பத்தால் மட்டுமன்றி வேறு காரணங்களாலும் வியர்வை தோன்றும். வினாத்தாளைக் கையில் வாங்கும் மாணவனின் உள்ளங்கை குளிர்ந்த காலையிலும் ஈரமாவது மனக்கலக்கத்தின் விளைவு. உறைப்பான குழம்பை உண்ணும்போது மூக்கு நுனியும் நெற்றியும் வியர்ப்பது மற்றொரு விந்தை. மிளகாயிலுள்ள காரப்பொருள், சூட்டை உணர்த்தும் அதே நரம்பு வாயிலைத் தட்டுகிறது. வாய் சுடுகிறதென்று மூளை ஏமாந்து வியர்வையை ஏவுகிறது. அவ்வாயிலை 1997இல் இனங்காட்டிய ஆய்வை நடத்திய டேவிட் யூலியசு, 2021ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

நாய் நாவைத் தொங்கவிட்டு மூச்சிரைப்பதும், எருமை சேற்றிற் புரள்வதும் இதே குளிர்ச்சியை நாடியே. உடல் முழுவதும் இத்துணை தாராளமாய் வியர்க்கும் வரம் மனிதனுக்கே சிறப்பாக வாய்த்தது.

எல்லை எங்கே?

இவ்விடத்தில் ஓர் உண்மையை மனத்திற் பதித்தல் வேண்டும். நம்மைக் குளிர்விப்பது வியர்த்தல் அன்று, வியர்வை ஆவியாதலே. நிலத்திற் சொட்டும் துளி உடலின் நீரைக் குறைக்குமேயன்றி வெப்பத்தைக் குறைக்காது. காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை உலர இடமில்லை. மட்டக்களப்பிற் கச்சான் காற்று வீசும்போது வெப்பம் மிகுதியாயினும் வியர்வை உடனே உலர்கிறது. கொழும்பிற் காற்றசையாத சித்திரை நாளிலோ வெப்பமானி குறைவாகக் காட்டினும் மூச்சுத் திணறுகிறது.

இதனை அளப்பதற்கு வெப்பமானியின் குமிழில் ஈரத்துணியைச் சுற்றுவர். அஃது ஈரக்குமிழ் வெப்பமானி எனப்படும். அது 35 பாகையைக் காட்டினால், நிழலில் வெறுமனே இருப்பவரும் நெடுநேரம் உயிர்தாங்குதல் அரிது என 2010ஆம் ஆண்டில் செர்வுட், ஊபர் என்னும் அறிஞர் இருவர் கணித்தனர். 2022இல் வெளியான அமெரிக்கப் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வோ, ஈரமான காற்றில் இளைஞர்களின் உடலும் 30, 31 பாகை அளவிலேயே வெப்பத்தைச் சமாளிக்க இயலாது தவிக்கத் தொடங்குவதைக் காட்டிற்று. உலகம் சூடேறிவரும் இந்நாளில் இது வெப்பவலய நாட்டினராகிய நாம் அலட்சியம் செய்யத்தக்க செய்தியன்று.

விசிறிக்கும் இவ்வாறே எல்லை உண்டு. அது காற்றைக் குளிர்விப்பதில்லை. தோலை ஒட்டிய ஈரக்காற்றை விலக்கி வியர்வை உலர வழிசெய்கிறது. காற்றின் வெப்பம் 40 பாகையைக் கடந்துவிட்டாலோ மின்விசிறி வெந்காற்றையே உடல்மேல் வாரியிறைக்கும்.

மோரும் உப்பும்

வியர்வையுடன் உப்பும் வெளியேறுகிறது. ஆழச் சுரங்கங்களில் உழைத்த பிரித்தானிய நிலக்கரித் தொழிலாளர், நீரை நிரம்பப் பருகியும் தசைப்பிடிப்பால் வருந்தினர். இழந்த உப்பு ஈடுசெய்யப்படாமையே காரணம் என்பதை 1923இல் மொசு என்பவர் விளக்கினார். தோட்டத்தில் உழைத்து வந்தவருக்கு உப்பிட்ட மோரும் பழஞ்சோற்றுத் தண்ணீரும் கொடுத்த நம் பாட்டிமார் இக்கட்டுரையைப் படித்தவரல்லர்; எனினும் அவர்தம் வழக்கம் பொருந்தியதே. இரத்த அழுத்தமோ சிறுநீரக நோயோ உள்ளவர் மட்டும் உப்பின் அளவை வைத்தியரிடம் கேட்டறிதல் நன்று.

மைதானத்திற் கவனிக்க வேண்டியவை

ஆண்டின் முதல் மாதங்களில் நமது பாடசாலைகளில் இல்ல விளையாட்டுப் போட்டிகள் களைகட்டும். பிள்ளைகள் வெயிலில் ஓடுவதும் அணிநடை பயில்வதும் அக்காலத்திலேயே. "ஓடும்போது தண்ணீர் குடித்தால் வயிறு பிடிக்கும், பொறுத்துக்கொள்" என்று கூறும் வழக்கம் இன்னும் சில இடங்களில் உண்டு. தாகத்தைப் பொறுத்தல் வீரமன்று. அது வியர்வைக்குரிய முதலைப் பறித்தலாகும். பயிற்சியைக் காலையிலோ மாலையிலோ வைத்தலும், அடிக்கடி நிழலும் நீரும் கொடுத்தலும் வேண்டும். உடல் வெயிலுக்குப் பழக ஏறத்தாழ இரண்டு வாரங்கள் செல்லும். ஆதலால் முதல் நாளிலேயே நெடுந்தூரம் ஓட்டுதல் தகாது. காய்ச்சலோ வயிற்றோட்டமோ கண்டு தேறிய பிள்ளையை ஓடவிடாதிருத்தலே அறிவுடைமை.

ஓடிய பிள்ளை தள்ளாடினாலோ, தொடர்பின்றிப் பேசினாலோ, மயங்கி வீழ்ந்தாலோ அதனை வெறுங்களைப்பு எனக் கொள்ளற்க. உடல் வெப்பம் 40 பாகையைக் கடந்த வெப்பத்தாக்காக அஃது இருக்கலாம். மேனியில் வியர்வை இருக்கிறதே என்று ஆறுதல் கொள்ளுதலும் தவறு. ஓட்டத்தால் வரும் வெப்பத்தாக்கில் உடல் நனைந்தே இருக்கக்கூடும். உடனே நிழலிற் கிடத்தி, ஆடையைத் தளர்த்தி, வாளி வாளியாகத் தண்ணீரை உடலில் ஊற்றி விசிறுதல் வேண்டும். பனிக்கட்டி கிடைத்தாற் கழுத்திலும் அக்குளிலும் வைத்தல் வேண்டும். நினைவிழந்தவர் வாயில் நீர் புகட்டலாகாது. 1990 என்னும் இலக்கத்திற்கு அழைத்தால் இலவச நோயாளர் வண்டி வரும். அது வரும்வரை குளிர்விப்பதை நிறுத்தற்க. இங்கே உயிரைக் காப்பது விரைந்து குளிர்வித்தலே.

மண்பானை வெறுமையானாற் கசிவும் நிற்கும், குளிர்ச்சியும் நிற்கும். ஆகவே, மைதானத்திற்குப் புறப்படும் பிள்ளையிடம் சப்பாத்து எங்கே, தொப்பி எங்கே என்று கேட்கும் பெற்றோர், தண்ணீர்ப் போத்தல் எங்கே என்பதையும் மறவாது கேட்பாராக.