தூக்கணாங்குருவியும் பட்டுப்பூச்சியும்

ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் பிள்ளைகளுக்குக் காட்ட இரண்டு நெசவாளிகள் உண்டு.

ஆண் தூக்கணாங்குருவி புல், ஓலை இழைகளைக் கிழித்துக் கூடு பின்னும். பாதிக் கூட்டைப் பெண் குருவி பார்த்து ஏற்ற பிறகே வேலை முடியும். குஞ்சுகள் வளர்ந்து பறந்துவிடும்.

மல்பெரி இலை தின்னும் பட்டுப்புழு, ஏறக்குறைய 1000 மீட்டர் நீளும் ஒரே இழையால் கூடு கட்டும். பூச்சி வெளிவந்தால் இழை அறுந்துவிடும். அதனால் கூட்டோடு சூட்டில் வாட்டிக் கொன்றுவிடுகிறார்கள். முட்டைக்காக விட்டுவைக்கும் பூச்சியும் பறக்காது, உண்ணாது. சில நாளில் மடியும்.

குருவியின் கூடு அதன் குஞ்சுக்கு. புழுவின் கூடு நமக்கு.

பட்டு ஆண்களுக்குத் தடை, பெண்களுக்கு அனுமதி. அனுமதிக்கப்பட்டதிலும் வீண்விரயம் கூடாது. ஒரு பட்டுச் சேலைக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள். அடுத்த கல்யாணத்துக்குச் சேலை எடுக்கும்போது இதை நினைப்போம்.