பழைய கார் வாங்கப் போறீங்களா? முதலில் ரிப்பேர் கணக்கைப் போடுங்க!



ஆடு, மாடு, தையல் மெஷின், மிளகு வியாபாரம் என்று கடன் கேட்டு வந்த நம் குழுக்களில் இப்போது கார் வாங்கவும் கடன் கேட்கிறார்கள். தப்பில்லை. ராத்திரியில் பிரசவ வலி வந்தால், பிள்ளைக்குக் காய்ச்சல் கூடினால், வீட்டில் ஒரு வண்டி இருப்பது எவ்வளவு தைரியம் என்பது மலையில் இருக்கும் நமக்குத்தான் தெரியும்.

பெரும்பாலும் நம்மிடம் வருவது கீழ்நாட்டில் பத்து, பன்னிரண்டு வருஷம் ஓடிய கார்தான். டிசையர், எட்டியாஸ், இண்டிகோ போன்ற டிக்கி வைத்த கார்கள். "ரெண்டு லட்சத்துக்குள்ள முடிச்சிடலாம்க்கா" என்று புரோக்கர் சொல்வார். அது வாங்கும் விலை மட்டும்தான். அதை ஓட வைக்கும் விலை வேறு. அந்த இரண்டாவது விலையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

மலையில் ஏன் செலவு அதிகம்?

சமவெளியில் ஓடும் காரும், காரவள்ளியில் இருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறி வரும் காரும் ஒன்றல்ல. ஏறும்போது கிளட்சும் எஞ்சினும் சூடாகும். இறங்கும்போது பிரேக் சூடாகும். ஊருக்குள் மண் பாதையில் அடிப்பாகமும் வீலும் அடி வாங்கும். ஆகவே நாம் முதலில் பார்க்க வேண்டியது பெயிண்டும் சீட்டும் ஏசியும் இல்லை. கீழே சொல்லும் நான்கும்தான்.

1. பிரேக்

உயிர் சம்பந்தப்பட்டது, அதனால் இதுதான் முதல். எஞ்சின் ஓடும்போது பிரேக்கை அழுத்தி அரை நிமிஷம் அப்படியே பிடிக்கணும். பெடல் மெதுவாகக் கீழே போனால் எங்கோ கசிவு இருக்கு, அல்லது மாஸ்டர் சிலிண்டர் போயிருக்கு. மேட்டில் நிறுத்தி ஹேண்ட் பிரேக் போட்டு, வண்டி நகருதா என்றும் பார்க்கணும்.

பிரேக் ஆயில் நாளாக நாளாகக் காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். தண்ணீர் சேர்ந்த ஆயில், இறக்கத்தில் பிரேக் சூடானதும் கொதித்துக் குமிழ் விடும். அப்போது பெடலை மிதித்தாலும் பிடிக்காது. அதனால் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றியே ஆகணும். முன் வீல் பேடு, பின் வீல் ஷூ, ஆயில், கூலி எல்லாம் சேர்த்துச் சுமார் 5,000 முதல் 7,000 ரூபாய். டிஸ்க் தேய்ந்திருந்தால் இன்னும் 3,000 முதல் 5,000.

இறங்கும்போது டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுவதும், எஞ்சினை ஆஃப் பண்ணுவதும் வேண்டவே வேண்டாம். எஞ்சின் நின்றால் இரண்டு, மூன்று மிதிக்குப் பிறகு பிரேக் கல்லு மாதிரி ஆகிவிடும். ஸ்டீயரிங்கும் இறுகும். இப்போதைய எஞ்சின்களில் கியரில் இறங்கும்போது ஆக்சிலேட்டரில் கால் வைக்காமல் இருந்தால் டீசல் தானாகவே நின்றுவிடுகிறது. ஆகவே நியூட்ரலில் மிச்சம் ஒன்றும் இல்லை. எந்தக் கியரில் ஏறினோமோ அந்தக் கியரிலேயே இறங்கணும்.

2. கிளட்ச்

வளைவில் அரைக் கிளட்சில் நிறுத்தி நிறுத்தி ஏறினால் பிளேட் சீக்கிரம் தேயும். சோதிப்பது சுலபம். சமதளத்தில் ஹேண்ட் பிரேக் போட்டு, மூன்றாவது கியரில் கிளட்சை மெதுவாக விடச் சொல்லுங்கள். எஞ்சின் நின்றுவிட்டால் கிளட்ச் நன்றாக இருக்கு. நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் பிளேட் முடிந்துபோச்சு. பிளேட், பிரஷர் பிளேட், பேரிங், கூலி சேர்த்து 9,000 முதல் 14,000 வரை ஆகும்.

3. எஞ்சின் சூடு

காலையில் வண்டியை ஸ்டார்ட் பண்ணும் முன்பே போய்விடுங்கள். பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், ஸ்டார்டிங் கோளாறை மறைக்க முன்கூட்டியே ஓட்டி வைத்திருக்கலாம். எஞ்சின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே துரு நிறத் தண்ணீர் இருந்தால் கூலன்ட் ஊற்றாமல் வெறும் தண்ணீரில் ஓட்டியிருக்கிறார்கள். சூடான எஞ்சினில் அந்த மூடியைத் திறக்கவே கூடாது, முகத்தில் கொதிநீர் அடிக்கும்.

ஆயில் மூடிக்கு அடியில் பால் கலந்த காபி நிறத்தில் பசை இருந்தால், ஆயிலில் தண்ணீர் சேர்ந்திருக்கலாம். ஹெட் காஸ்கெட் போயிருக்கலாம். அப்படிப்பட்ட வண்டி வேண்டாம். நம் குளிரில் காலையில் கொஞ்சம் வெள்ளை ஆவி வருவது இயல்பு. சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காவிட்டால் சந்தேகப்படணும். நீலப் புகை வந்தால் எஞ்சின் ஆயிலைக் குடிக்கிறது என்று அர்த்தம்.

ரேடியேட்டர் 4,000 முதல் 7,000, வாட்டர் பம்ப் 2,000 முதல் 3,500, ஹெட் காஸ்கெட் வேலை 12,000 முதல் 25,000, முழு எஞ்சின் வேலை 50,000க்கு மேல். பழைய இண்டிகோ டீசல் எஞ்சினில் டைமிங் பெல்ட் இருக்கும். அது எப்போது மாற்றியது என்று பில் கேளுங்கள். ஓடும்போது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சினே போகும்.

4. அடிப்பாகமும் டயரும்

இந்தக் கார்கள் தாழ்வானவை. கல் அடித்துச் சம்பில் ஓட்டை விழுந்து ஆயில் வடிந்தால் ஆயில் விளக்கு எரியும். "வீடு வரைக்கும் போயிடலாம்" என்று ஓட்டினால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். அந்த இடத்திலேயே நிறுத்திவிடணும். வளைவில் கடகட சத்தம் வந்தால் லோயர் ஆர்ம், பால் ஜாயிண்ட், ஷாக் அப்சார்பர் பார்க்கணும். முன்பக்கம் மட்டும் 8,000 முதல் 12,000 ஆகும்.

டயர் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் வருஷம் 23ஆவது வாரம் செய்தது. பட்டன் நிறைய இருந்தாலும் பழைய டயர் வெடிக்கும். ஒரு டயர் சுமார் 4,000.

கணக்கு இதோ

1,80,000 ரூபாய்க்கு ஒரு கார் வாங்குகிறோம் என்று வைத்துக்கொள்வோம். முதல் வருஷத்தில் வரக்கூடிய செலவு:

பிரேக் – 6,000
கிளட்ச் – 12,000
ரேடியேட்டர், ஹோஸ் – 6,000
முன்பக்க வேலை – 12,000
டயர் நாலு – 16,000
பேட்டரி – 5,500
ஆயில் சர்வீஸ் – 4,500
மொத்தம் – 62,000

இது வெளி ஒர்க் ஷாப்பின் உத்தேச விலை. கம்பெனி சர்வீஸில் கூடும். எல்லாமே வரும் என்று இல்லை, ஆனால் வந்தால் தாங்கணும். ஆக, ஏறக்குறைய 2,40,000 ரூபாய் ஏற்பாடு இருந்தால்தான் 1,80,000 ரூபாய் காரைப் பார்க்கலாம். நாலில் மூணு பங்கு வண்டிக்கு, ஒரு பங்கு ரிப்பேருக்கு. இருப்பதை எல்லாம் விலையிலேயே போட்டுவிட்டால், வண்டி ஷெட்டில் நிற்கும். தவணை நிற்காது. நாம் கட்டாவிட்டால் குழுவில் மற்ற சகோதரிகளின் கடனும் தள்ளிப்போகும்.

காகிதமும் முக்கியம்

கடன் உங்கள் பெயரில் என்றால் ஆர்.சி. புத்தகமும் உங்கள் பெயரில் இருக்கட்டும். வாங்கிய 30 நாளுக்குள் பெயர் மாற்ற விண்ணப்பிக்கணும். வெள்ளைப் போர்டு காரில் வாடகைக்கு ஆள் ஏற்றினால், விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கைவிரிக்கும். 15 வருஷம் முடிந்த காருக்குப் பதிவைப் புதுப்பிக்கணும். 2022 ஏப்ரலில் இதன் கட்டணம் 5,000 ரூபாய் ஆனது. வண்டி ரொம்பப் பழையது என்றால் இன்னும் கூடும்.

அடுத்த கூட்டத்தில் பேசுங்கள்

* கார் கடன் கேட்பவர் ரிப்பேருக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறார்?
* விற்பவருக்கு வேண்டாத மெக்கானிக் ஒருவர் வண்டியைப் பார்த்தாரா? அவர் கேட்கும் சில நூறு ரூபாய் வீண் செலவு இல்லை.
* காரவள்ளி வரை இறங்கி, மறுபடி ஏறி ஓட்டிப் பார்த்தார்களா?

மூன்றுக்கும் பதில் கிடைத்த பிறகு தீர்மானம் எழுதுங்கள். விசாரித்து வாங்குவோம், பத்திரமாய் மலை ஏறுவோம்!