முதற்பாடலும் வழிப்பாடலும்: 'ரெஸ்பெக்ட்' - ஓர் ஒப்பாய்வு

முன்னுரை

ஒருவர் இயற்றிப் பாடிய பாடலைப் பிறிதொருவர் தம் குரலில் மீண்டும் பாடிப் பதிவு செய்தல் மேலையிசை உலகில் நெடுநாளைய வழக்கம். இதனைக் 'கவர் வெர்ஷன்' என்பர். இக்கட்டுரையில் நாம் அதனை 'வழிப்பாடல்' எனக் குறிப்போம். இப்பெயரை அமைத்தற்குக் காரணம் உண்டு. நன்னூலார் நூல்களை முதல், வழி, சார்பு என மூன்றாகப் பகுத்தார். முன்னவர் கருத்தைத் தழுவிக்கொண்டு, தாம் விரும்பிய புதுமையையும் சேர்த்துரைப்பது வழிநூலின் இயல்பு. வான்மீகத்தின் வழிவந்த கம்பரின் காப்பியத்தை எவரும் நகல் என்று ஒதுக்குவதில்லை. அவ்வாறாயின் ஒரு வழிப்பாடல் எப்போது நகலாக நின்றுவிடுகிறது? எப்போது தனக்கென ஓர் உயிர் பெறுகிறது? இவ்வினாவிற்கு விடை காண, 1960களில் அமெரிக்காவில் பிறந்த 'ரெஸ்பெக்ட்' என்னும் பாடலின் இரு வடிவங்களை எடுத்துக்கொள்வோம். 'ரெஸ்பெக்ட்' என்பதற்கு மதிப்பு, மரியாதை என்பது பொருள்.

மேலைநாட்டுப் பாப் பாடலுக்குத் தமிழ்த்துறை மலரில் இடமுண்டோ எனச் சான்றோர் சிலர் வினவக்கூடும். நம் இலக்கணிகள் வகுத்த அளவுகோல் பிறமொழிப் பாடலையும் அளக்க வல்லது என்று காட்டுவதும் தமிழ்ப்பணியே என்பது நம் கருத்து.

முதற்பாடல்

இப்பாடலை இயற்றிப் பாடியவர் ஓட்டிஸ் ரெட்டிங். 1941 இல் ஜார்ஜியா மாநிலத்தில் பிறந்த கறுப்பினக் கலைஞர். மெம்ஃபிஸ் நகரில் பழைய திரையரங்கு ஒன்றையே ஒலிப்பதிவுக்கூடமாக மாற்றியமைத்திருந்த ஸ்டாக்ஸ் நிறுவனத்தில் 1965 இல் இப்பாடல் பதிவாயிற்று. 'சோல்' எனப்படும் இசைவகையைச் சார்ந்தது இது. பில்போர்டு இதழின் பொதுப் பட்டியலில் 35 ஆம் இடத்தையும், கறுப்பின மக்களின் 'ரிதம் அண்ட் புளூஸ்' பட்டியலில் 4 ஆம் இடத்தையும் பெற்றது.

பாடலில் பேசுபவன் ஓர் ஆண்மகன். உழைத்துப் பொருளீட்டி வீடு திரும்புபவன். தன் துணைவியைத் தேனினும் இனியவள் எனப் போற்றுகிறான். ஈட்டியதனைத்தும் அவளுக்கே தருவதாகச் சொல்கிறான். தான் இல்லாத வேளையில் அவள் தனக்குப் பிழை செய்யினும் பொறுப்பேன் என்னும் அளவிற்கு இறங்கி வருகிறான். வீடு வந்ததும் சிறிது மரியாதை வேண்டும் என்பதே அவன் கோரிக்கை. ஊதுகருவிகளின் முழக்கமும் விரைந்த தாளமும் இணைய, ரெட்டிங்கின் கரகரத்த குரல் இறுதியில் கெஞ்சலாகவே உயர்கிறது.

வழிப்பாடல்

அரீத்தா ஃபிராங்க்ளின் 1942 இல் மெம்ஃபிஸ் நகரில் பிறந்து டெட்ராய்ட் நகரில் வளர்ந்தவர். தந்தையார் புகழ்பெற்ற பாப்டிஸ்ட் போதகர். அவரது தேவாலயத்தில் பாடியே அரீத்தா இசை பயின்றார். கொலம்பியா நிறுவனத்தில் சில ஆண்டுகள் பாடியும் தமக்குரிய இடத்தைப் பெறாத அவர், அட்லாண்டிக் நிறுவனத்திற்கு மாறினார். அங்கே தயாரிப்பாளர் ஜெர்ரி வெக்ஸ்லரின் துணையோடு, 1967 பிப்ரவரி 14 அன்று நியூயார்க் நகரில் 'ரெஸ்பெக்ட்' பாடலைப் பதிவு செய்தார். அவ்வாண்டு ஜூன் திங்களில் அது இரண்டு வாரங்கள் பொதுப் பட்டியலின் முதலிடத்தில் நின்றது. 'ரிதம் அண்ட் புளூஸ்' பட்டியலில் எட்டு வாரங்கள் முதலிடம் வகித்தது. இரண்டு கிராமி விருதுகளும் கிடைத்தன.

கூற்றும் கேட்போரும்

தொல்காப்பியர் செய்யுளியலில் கூறும் 34 உறுப்புகளுள் கூற்று, கேட்போர், களன், காலம், பயன் ஆகியவை ஈண்டு நமக்குப் பெருந்துணை புரிகின்றன. தலைவன் கூற்றாக இருந்த பாடல் தலைவி கூற்றாக மாறியது. இதனை வெறும் பால் மாற்றமாகக் கொள்ளலாகாது. பேசுபவர் மாறியதும் பாடலின் நியாயமே மாறிவிட்டது.

அரீத்தாவின் தலைவி பொருளுக்காகக் கணவனை எதிர்பார்ப்பவள் அல்லள். அவளிடமும் பொருள் உண்டு. அதை அவளே தர முன்வருகிறாள். அவன் முத்தம் தேனாக இனிக்கிறது என்பவள், தன் பணமும் அவ்வாறே இனிக்கும் என்று நகைச்சுவையோடு நினைவூட்டுகிறாள். ரெட்டிங்கின் தலைவன் பிழையைப் பொறுப்பதாகச் சொன்ன இடத்தில், இவள் தான் பிழை செய்யப்போவதில்லை என்கிறாள்; அதற்கு அவள் கூறும் காரணம் அச்சமன்று, தன் விருப்பம். முதற்பாடலில் மரியாதை, தந்த பொருளுக்கு ஈடாகக் கேட்ட ஒன்றாகத் தோன்றியது. வழிப்பாடலில் அது பிறப்புரிமைபோல் ஒலிக்கிறது.

இசையில் செய்த மாற்றம்

முதற்பாடலில் இல்லாத இரண்டு பகுதிகளை அரீத்தாவும் அவர் குழுவினரும் சேர்த்தனர். ஒன்று, இடையே வரும் கிங் கர்டிஸின் சாக்சபோன் இசை. இதற்கு அடித்தளமான சுர அடுக்கு சாம் அண்ட் டேவ் என்னும் இருவர் பாடிய வேறொரு பாடலிலிருந்து எடுத்துக்கொள்ளப்பட்டது. மற்றொன்று, இன்று உலகமே அறிந்த எழுத்துக்கூட்டல். கருவிகள் இடையிடையே நின்று வழிவிட, தலைப்புச் சொல்லின் ஏழு ஆங்கில எழுத்துகளையும் அரீத்தா ஒவ்வொன்றாக முழங்குகிறார்.

எழுத்துக் கூட்டிச் சொல்லித் தருவது ஆசிரியர் தொழில். அச்சொல்லை அறியாத மாணவனுக்குக் கற்பிப்பதுபோல் தலைவி தலைவனுக்குக் கற்பிக்கிறாள். கெஞ்சிய குரல் இருந்த இடத்தில் கற்பிக்கும் குரல் வந்தமர்ந்தது. பாடல் முழுதும் அவருடைய சகோதரியர் கரோலினும் எர்மாவும் எதிர்ப்பாட்டு எழுப்புகின்றனர். தேவாலயத்தில் போதகர் சொல்லுக்குச் சபையோர் மறுமொழி எழுப்பும் மரபு இது. அதனால் ஒருத்தியின் கூற்று பலருடைய கூற்றாக விரிகிறது.

களனும் காலமும் பயனும்

குடியுரிமைச் சட்டம் 1964 இலும் வாக்குரிமைச் சட்டம் 1965 இலும் நிறைவேறியிருந்தன. எனினும் கறுப்பின மக்கள் அன்றாட வாழ்வில் மதிப்பிற்காகப் போராடிக்கொண்டே இருந்தனர். பெண்ணுரிமைக்கான தேசிய அமைப்பு 1966 இல் தோன்றியது. இத்தகைய காலத்தில் வீட்டு வாயிலில் நின்று பேசிய ஒரு பாடல் வீதிக்கு வந்தது. கேட்போனாகிய கணவனின் இடத்தில் ஒரு நாடே நின்றது. இரு போராட்டங்களும் இப்பாடலைத் தம்முடையதாகக் கொண்டன.

1967 ஜூனில் மான்டரே இசைவிழா மேடையில், இப்பாடலைத் தம்மிடமிருந்து ஒரு பெண் எடுத்துச் சென்றுவிட்டதாக ரெட்டிங் வேடிக்கையாகக் குறிப்பிட்டுவிட்டு, அதையே தாமும் பாடினார். அவ்வாண்டு டிசம்பர் 10 அன்று விமான விபத்தில் தம் 26 ஆம் வயதில் அவர் மறைந்தார்.

உரிமையும் ஊதியமும்

ஒருமுறை பதிவாகி வெளிவந்த பாடலைப் பிறர், சட்டம் வகுத்த கட்டணம் செலுத்திப் பதிவு செய்யலாம் என்று அமெரிக்காவின் 1909 ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் வழிவகுத்தது. அக்காலக் கட்டணம் படி ஒன்றுக்கு இரண்டு சென்ட். ஆயின் வானொலியில் பாடல் ஒலிக்கும்போது அந்நாட்டில் ஊதியம் பெறுவோர் பாடலை இயற்றியவரும் அதன் பதிப்பாளரும் மட்டுமே. 1995 இல் வந்த சட்டம் எண்முறை ஒலிபரப்பிற்கு மட்டும் பாடுவோர்க்குப் பங்களித்தது. வழக்கமான வானொலிக்கு அப்பங்கு கிடைக்கவில்லை. மரியாதையை உலகிற்கு எழுத்துக் கூட்டிக் கற்பித்த குரலுக்கு வானொலி நிலையங்கள் அம்மரியாதையைச் செய்யவில்லை என்பது எண்ணத்தக்கது. புகழ் பெரிதும் அரீத்தாவைச் சேர்ந்தது. வானொலி வருவாய் ரெட்டிங் வழியினரைச் சேர்ந்தது.

முடிவுரை

அரீத்தா 2018 ஆகஸ்ட் 16 அன்று மறைந்தார். 2021 இல் ரோலிங் ஸ்டோன் இதழ் வெளியிட்ட 500 சிறந்த பாடல்களின் வரிசையில் அவருடைய 'ரெஸ்பெக்ட்' முதலிடம் பெற்றது. ஆயினும் வழிப்பாடலைப் போற்றுவோர் முதற்பாடலை மறத்தல் முறையன்று. உழைத்துக் களைத்து வந்தவனின் ஏக்கத்தை ரெட்டிங் உண்மையாகப் பாடாதிருந்தால், அதற்கு மறுமொழி சொல்லும் வாய்ப்பு அரீத்தாவிற்கு அமைந்திராது.

முன்னோர் சொல்லை அப்படியே திருப்பிச் சொல்வது நகல். அச்சொல்லை நம் வாயால் சொல்லும்போது அது யாருடைய சொல்லாகிறது, யாரை நோக்கிச் செல்கிறது என்று உணர்ந்து சொல்வதே வழிநூல். பாடுவோர்க்கு மட்டுமன்றி, எழுதப் புகும் நம் மாணவர்க்கும் இது பொருந்தும். இரு பதிவுகளும் தனித்தனியே இரண்டரை நிமிடங்களுக்கு உட்பட்டவையே. அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். கூற்று என்னும் உறுப்பின் ஆற்றலைச் செவிகளே உணர்த்தும்.