ஐந்து தங்கம், 32 நிமிடத்துக்கும் குறைவு

இங்கிலாந்தின் துடுப்புப் படகு வீரர் ஸ்டீவ் ரெட்கிரேவ் 1984 முதல் 2000 வரை, அடுத்தடுத்து ஐந்து ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவர். ஐந்து இறுதிப் போட்டிகளின் நேரம் இது: லாஸ் ஏஞ்சலிஸ் 6:18.64, சியோல் 6:36.84, பார்சிலோனா 6:27.72, அட்லாண்டா 6:20.09, சிட்னி 5:56.24. கூட்டினால் 31 நிமிடம் 39.53 விநாடி. ஒவ்வொன்றும் 2,000 மீட்டர் என்பதால் மொத்தத் தூரம் 10 கிலோமீட்டர். அந்த அரை மணி நேரத்துக்குப் பின்னால் இருப்பது 16 ஆண்டு.

இரண்டாவதாக வந்த படகுக்கும் இவர் படகுக்கும் இருந்த இடைவெளியைப் பார்த்தால் மலைப்பு இன்னும் கூடும். வரிசைப்படி 1.64, 1.22, 4.96, 0.93, 0.38 விநாடி. ஐந்தும் சேர்த்தே 9.13 விநாடிதான். அதில் பாதிக்கும் மேல் பார்சிலோனாவில் மட்டும் கிடைத்தது. பெருங்குடல் அழற்சி நோய் இவருக்கு இருப்பது தெரியவந்ததும் அதே 1992-ல்தான்! பார்சிலோனாத் தங்கம், மேத்யூ பின்சென்ட்டுடன் இரட்டையர் படகில் வென்றது.

1996-ல் அட்லாண்டாவிலும் இதே ஜோடி வென்றது. பிரிட்டனுக்கு அந்த ஒலிம்பிக்கில் கிடைத்தது அந்த ஒரே தங்கம். பதக்கப் பட்டியலில் 36-வது இடம். நாடே கூசிப்போனது. 1997-ல் நாட்டின் தேசிய லாட்டரிப் பணம் நேரடியாக முன்னணி வீரர்களின் பயிற்சிக்குத் திருப்பிவிடப்பட்டது. சிட்னி வரையிலான சுற்றில் துடுப்புப் படகுக்கு மட்டும் ஒதுக்கியது 96 லட்சம் பவுண்டு. ஆக, ரெட்கிரேவின் முதல் நான்கு தங்கமும் இந்தப் பணம் வருவதற்கு முந்தியவை. அவற்றுக்கு என் மதிப்பு ஒரு படி கூடுதல்.

பணம் வந்த அதே 1997-ல் சர்க்கரை நோயும் வந்தது. வயது 35. சாதாரண ஆணுக்கு ஒரு நாளைக்கு 2,500 கலோரி போதும். இவர் பயிற்சிக்குத் தேவைப்பட்டது 6,000 அளவில். அதில் பெரும்பங்கு மாவுச்சத்து. அதைக் குறைத்தால் துடுப்பு வலிக்கத் தெம்பு இருக்காது, குறைக்காவிட்டால் சர்க்கரை ஏறும். கடைசியில் சாப்பாட்டில் கைவைக்காமல், அதற்கேற்ப இன்சுலினைப் பிரித்துப் பிரித்துப் போட்டுக்கொள்ளும் வழிக்கு வந்தார். நாள் முழுக்க விரலைக் குத்தி ரத்தம் பார்ப்பது, ஊசி, சாப்பாடு, படகு. மூன்று ஆண்டு இப்படியே போனது.

சிட்னியில் நால்வர் படகு: ரெட்கிரேவ், பின்சென்ட், ஜேம்ஸ் கிராக்னெல், டிம் ஃபோஸ்டர். கடைசி நூறு மீட்டரில் இத்தாலி நெருக்கிக்கொண்டு வந்தது. 0.38 விநாடி என்பது அந்த வேகத்தில் 2 மீட்டருக்குச் சற்று அதிகம். படகின் நீளமோ சுமார் 13 மீட்டர். 38 வயதில், தினமும் இன்சுலின் போட்டுக்கொள்ளும் ஒருவர் அந்த இரண்டு மீட்டரைக் காப்பாற்றிக் கொடுத்தார். இவருடைய தங்கங்களில் இதற்குத்தான் உடல் அதிகம் விலை கொடுத்தது. இடைவெளியும் இதில்தான் மிகக் குறைவு.

இந்த ஐந்து தங்கம் போக, உலகச் சாம்பியன் போட்டிகளில் 9 தங்கம், 1986 எடின்பரோ காமன்வெல்த்தில் 3 தங்கம், சியோல் ஒலிம்பிக்கில் ஒரு வெண்கலம். 2001-ல் சர் பட்டம். 2006-ல் லண்டன் மாரத்தானில் 42.195 கிலோமீட்டர் ஓடி, அறப்பணிகளுக்காக 18 லட்சம் பவுண்டு திரட்டினார். ஒரு மாரத்தானில் ஒருவர் திரட்டிய தொகையில் அன்றைக்கு அதுவே சாதனை.