வைத்தியர் கேட்கும் இரண்டு கேள்விகள்

காய்ச்சல், இருமல், வயிற்று வலி என்று ஏதேனும் ஒரு குறையுடன் நாம் வைத்தியரை நாடுகிறோம். அவர் நாடி பார்க்கிறார். நாக்கை நீட்டச் சொல்கிறார். நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்கிறார். இவற்றுக்கெல்லாம் மறுப்பின்றி இணங்கும் நாம், "புகை பிடிப்பதுண்டா? மது அருந்துவதுண்டா?" என்று அவர் வினவியதும் தயங்கி, "எப்போதாவது" என்று சொல்லி முடித்துவிடுகிறோம். நாளொன்றுக்கு ஒரு கட்டு பீடி பிடிப்பவர் சொல்வதும் இதுவே. திருவிழாவுக்கு ஒரு முறை மது அருந்துபவர் சொல்வதும் இதுவே. வைத்தியருக்கு இவ்விடையால் யாதொரு பயனும் இல்லை.

இக்கேள்விகள் நம் ஒழுக்கத்தை எடை போடுவதற்காகக் கேட்கப்படுவன அல்ல. வியாதியின் மூலத்தை அறியக் கேட்கப்படுவன. நெசவாளர் ஒருவர் ஓயாத இருமலுடன் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அது பஞ்சுத் தூசியால் வந்ததா, பீடியால் வந்ததா, காச நோயா என்று வைத்தியர் பிரித்தறிய வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமலுக்குச் சளிப் பரிசோதனை அவசியம். புகை பிடிப்பவரைக் காச நோய் எளிதில் பற்றும் என்பதும் அறியப்பட்ட உண்மை. காச நோய்க்குத் தரப்படும் மருந்துகளிற் சில ஈரலைப் பாதிக்கக்கூடியவை. அவற்றுடன் மதுவும் சேர்ந்தால் அபாயம் பன்மடங்காகும். குடிப்பழக்கத்தை மறைத்த நோயாளிக்கு, நோய் தீர்க்க வந்த மருந்தே புதிய நோயைத் தந்துவிடலாம்.

இதனினும் கடுமையான ஆபத்து ஒன்றுண்டு. நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவர் அறுவைச் சிகிச்சைக்காகவோ வேறு காரணத்துக்காகவோ ஆஸ்பத்திரியில் சேர்கிறார். மது திடீரென நின்றுபோகிறது. முதலில் கை நடுங்கும், வியர்க்கும். இரண்டொரு நாளில் வலிப்பும் சித்தப்பிரமையும் தோன்றலாம். உயிருக்கே ஆபத்து நேரலாம். இதனைத் தடுக்க மருந்து இருக்கிறது. ஆனால் முன்கூட்டித் தெரிந்தாலன்றோ வைத்தியர் அதைக் கொடுக்க முடியும்? ஆதலால் மிகுதியாகக் குடிப்பவர்கள் வைத்தியரைக் கேளாமல் ஒரே நாளில் நிறுத்திவிடவும் கூடாது.

"உண்மையைச் சொன்னால் வைத்தியர் இரண்டு வார்த்தை புத்திமதி சொல்வார், அதனால் யார் திருந்தினார்கள்?" என்று கேட்பவர் உண்டு. இதற்கு விடை இங்கிலாந்தில் கிடைத்திருக்கிறது. அந்நாட்டில் 1948 முதல் தேசிய சுகாதார சேவை நடந்து வருகிறது. மக்கள் தத்தம் பகுதியிலுள்ள பொது வைத்தியரிடம் பதிவு செய்துகொள்கிறார்கள். லண்டனில் இத்தகைய வைத்தியர் 28 பேர், தம்மிடம் வந்த 2,138 சிகரெட் பிடிப்போரை நான்கு பிரிவாக்கிச் சோதித்தனர். முடிவு 1979இல் வெளியாயிற்று. ஒன்றும் செய்யாது விடப்பட்ட பிரிவில், முதல் மாதத்தில் நிறுத்தி ஓராண்டு கழித்தும் நிறுத்தியே இருந்தவர்கள் நூற்றுக்கு 0.3 பேர். ஓரிரு நிமிஷ அறிவுரையுடன் ஒரு சிறு பிரசுரமும் தந்து, "பின்னரும் விசாரிப்போம்" என்று சொல்லப்பட்ட பிரிவில் நூற்றுக்கு 5.1 பேர்.

நூற்றுக்கு ஐவர் சொற்பமென்று தோன்றலாம். ஆனால் செலவானதோ இரண்டு நிமிஷம். ஒவ்வொரு வைத்தியரும் இதைச் செய்தால் நாடெங்கும் எத்தனை குடும்பங்கள் பிழைக்கும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். மதுவைப் பற்றியும் 1988இல் இவ்வாறே ஓர் ஆய்வு வெளிவந்தது. அளவு மீறிக் குடித்த ஆண்களில், வைத்தியரின் அறிவுரை பெறாதோர் ஓராண்டில் வாரத்துக்கு 8 அலகு குறைத்திருந்தனர். பெற்றோர் 18 அலகு குறைத்திருந்தனர். அலகு என்பது அந்நாட்டுக் கணக்கில் 8 கிராம் சுத்த ஆல்கஹால்.

நிறுத்துவதால் கிட்டும் லாபமும் கணக்கிடப்பட்டிருக்கிறது. டால், ஹில் என்னும் இரு அறிஞர்கள் 1951இல் பிரிட்டிஷ் வைத்தியர்களின் புகைப் பழக்கத்தைக் கேட்டறிந்து ஆராயத் தொடங்கினர். ஐம்பதாண்டு விவரம் 2004இல் வெளியாயிற்று. புகையை விடாதவர்கள் சராசரியாக 10 ஆண்டு ஆயுளை இழந்தனர். 60 வயதில் விட்டவர் 3 ஆண்டும், 50இல் விட்டவர் 6 ஆண்டும், 40இல் விட்டவர் 9 ஆண்டும் மீட்டுக்கொண்டனர். ஆகவே, "இனி விட்டு என்ன பயன்?" என்னும் பேச்சுக்கு இடமில்லை.

நம் அங்கத்தினர்கள் வைத்தியரிடம் செல்லுமுன் சில விவரங்களை மனத்தில் கொள்வது நலம். பீடியோ சிகரெட்டோ நாளைக்கு எத்தனை, எத்தனை ஆண்டுகளாக, கண் விழித்து எவ்வளவு நேரத்துக்குள் முதல் பீடி. மது வாரத்தில் எத்தனை நாள், ஒரு தடவைக்கு எவ்வளவு, காலையிலேயே தேவைப்படுகிறதா — இவற்றை உள்ளபடி சொல்ல வேண்டும். பீடி சிறியதாயிற்றே என்று கணக்கில் விடலாகாது. அதன் புகை சிகரெட் புகைக்குக் கெடுதியில் குறைந்ததன்று. வெற்றிலையுடன் புகையிலை போடும் ஆண்களும் பெண்களும், "புகைப்பதில்லை" என்று கூறி நின்றுவிடாமல் அதையும் சொல்ல வேண்டும். வாய்ப் புற்றுக்கு அதுவே வித்து. பயிருக்கு மருந்து தெளிக்கும் விவசாயிகள், அதே கையால் பீடியை எடுத்து வாயில் வைப்பது விஷத்தை உட்கொள்வதற்கு ஒப்பாகும் என்பதையும் மறவாதிருத்தல் வேண்டும்.

பலர் சூழ்ந்திருக்கச் சொல்லக் கூச்சமாயின், தனியே பேச வேண்டும் என்று கேட்பதில் தவறில்லை. புகையிலையை விட விரும்புவோருக்கு 1800-11-2356 என்ற இலவசத் தொலைபேசி வழியாகவும் ஆலோசனை கிடைக்கிறது.

சங்கத்தின் கணக்கில் ஒரு பற்று மறைக்கப்பட்டால், ஆண்டு முடிவில் இருப்பு பொய்யாகிறது. நஷ்டம் அங்கத்தினர் அனைவரையும் சேர்கிறது. உடம்பின் கணக்கும் அத்தகையதே. அதன் நஷ்டத்தை மனைவி மக்கள் சுமக்கிறார்கள். வைத்தியரிடம் அக்கணக்கை மறைவின்றி ஒப்புவிப்பது நம் கடமை.