மூக்குக் குழாயில் இறங்கும் ஆகாரம்

“வாத்தியாரே, ஒரு மடக்கு ரசம்கூட வாயில் விட மாட்டேங்கிறாங்க. பிள்ளையைப் பட்டினி போட்டே கொல்றாங்க!” சிங்கப்பூரில் வேலை பார்த்த மகன் மூச்சுக் கருவியில் கிடந்தபோது, எங்கள் தோட்டத்து அம்மா ஒருவர் தூக்குச் சட்டியும் கையுமாக என்னிடம் அழுதார். வாசகர்களே, உங்களுக்கும் அப்படித்தானே தோன்றும்?

தேக்காவுக்குப் போனவர்களுக்கு டான் டொக் செங் மருத்துவமனை தெரிந்திருக்கும். 1844இல் தொடங்கியது. 2003இல் சிங்கப்பூரில் 238 பேருக்குச் சார்ஸ் கண்டு 33 பேர் மாண்டபோது, நோயாளிகளை அங்கேதான் சேர்த்தார்கள். சிலருக்கு நுரையீரலே கெட்டது. பஞ்சு போன்ற அதன் காற்றறைகளில் நீர் கோத்துக்கொள்ளும். நிமோனியாவிலும் கொரோனாவிலும்கூட இந்நிலை வரலாம். அப்போது தொண்டைக்குள் குழாய் செலுத்தி, கருவியால் மூச்சுவிடச் செய்வார்கள். அந்நேரம் வாயில் ஊற்றும் கஞ்சி வழிதவறி நுரையீரலில் இறங்கினால் உயிருக்கே ஆபத்து.

ஆனால் அது பட்டினி அல்ல. இரத்த அழுத்தம் நிலைப்பட்டதும், பெரும்பாலும் முதல் இரண்டு நாளுக்குள், மூக்கு வழியாக இரைப்பைக்கு மெல்லிய குழாய் இறக்கி, பால் போன்ற ஆகாரத்தைச் சிறிது சிறிதாக விடுவார்கள். எதுக்களிக்காதிருக்கத் தலைமாட்டை உயர்த்தி வைப்பார்கள். ஆகாரமே இல்லையென்றால் உடம்பு தன் தசையையே தின்னும். மூச்சிழுக்கும் தசையும் அதில் கரையும்.

“இத்தனூண்டு போதுமா?” என்றார் அந்த அம்மா. நியாயமான கேள்விதான். அமெரிக்காவில் இத்தகைய 1,000 நோயாளிகளிடம் சோதித்து 2012இல் முடிவை வெளியிட்டார்கள். முதல் ஆறு நாள் பாதிப் பேருக்குக் கொஞ்சமாகவும் மற்றவர்க்கு நிறையவும் கொடுத்தார்கள். பிழைத்தவர் கணக்கில் வேறுபாடில்லை. கொஞ்சம் பெற்றவர்களுக்கு வாந்தித் தொல்லை குறைவு. மீனெண்ணெய்ச் சத்தைச் சேர்த்துப் பார்த்த இன்னொரு சோதனையைப் பலனில்லையென்று பாதியிலேயே நிறுத்தினார்கள். 2011இல் அதுவும் வெளிவந்தது. ஆகவே டானிக்கும் லேகியமும் வாங்கிக்கொண்டு ஓடாதீர்கள்.

நீங்கள் செய்யக்கூடியது வேறு. நோய்க்கு முன் அவர் எடை என்ன, எத்தனை நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை, நீரிழிவு உண்டா என்பதையெல்லாம் தாதியிடம் சொல்லுங்கள். குடிப்பழக்கம் இருந்தால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். வெகுநாள் வயிறு காய்ந்தவருக்குத் திடீரென நிறைய ஊட்டினால் இரத்தத்து உப்புகள் தாறுமாறாகி, இதயமே தடுமாறலாம்.

குழாயை எடுத்த பிறகும், விழுங்க முடிகிறதா என்று பார்த்துத்தான் வாயில் கொடுப்பார்கள். அவர்கள் சரியென்ற பின் உங்கள் கஞ்சி வரட்டும். பிறகு முட்டை, மீன், பருப்பு. கரைந்த தசை திரும்ப மாதக்கணக்காகும்.